சாம்பிராணிப் பொறியும் ஒற்றை ஆள் கூடாரமும்

ஆயுத பூஜை வந்தால் நம் பட்டறையில் தையல் மெஷின் முதல் சாக்பீஸ் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறோம். தைத்து முடித்த கூடாரங்களை மட்டும் முதல் நாளே மாடி அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அது ஏன் என்று புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் கேட்டீர்களாம். "சார்கிட்டக் கேளுங்க, அவர்தான் எல்லாத்தையும் எண்ணி வச்சிருப்பார்" என்று செல்வி சொல்லிவிட்டாளாம். ஓய்வுபெற்ற ஆளிடமும் வேலை வாங்கத் தெரிந்தவள். சரி, எழுதுகிறேன். மெஷின் ஓட்டுவதையும் துணி வெட்டுவதையும் உங்களுக்கு அவளும் ரஹீம் பாயும் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது மெஷின் ஓடாத ஒரு நாளைப் பற்றி.

நம்மிடம் வருகிறவர்கள் சாதாரணமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இல்லை என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊர் ஊராக, மாநிலம் மாநிலமாகப் போகிறவர்கள். துணிமணி, அடுப்பு, படுக்கை எல்லாம் சைக்கிளிலேயே தொங்கும். நம் கூடாரம் ஹேண்டில்பாரின் முன்னால் ஒரு சுருட்டாகக் கட்டிக்கொள்வதற்கு. ஒரு ஆள் படுக்கலாம். தனியாகக் கம்பி கிடையாது. தலைமாட்டில் நிறுத்திய சைக்கிளே தூண், கால்மாட்டில் ஒரு சின்னக் குச்சி. கயிற்றை இழுத்துக் கட்டத் தரையில் அடிக்கிற முளை எட்டு. நான் செக்கிங்கில் இருந்த காலம் முழுக்க அந்த எட்டையும் பைக்குள் போடும்போது ஒரு தடவை, பையைக் கட்டியபிறகு பிரித்து ஒரு தடவை எண்ணியிருக்கிறேன். செல்வி சிரிப்பாள். சிரிக்கட்டும். ஏழு முளையோடு ஒருவர் காட்டில் நிற்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த வருடம் பட்டறை கூடாரத்துக்கு மாறி அதிக நாள் ஆகவில்லை. அதற்கு முன் வில்லாபுரத்தில் நம்மை வண்டிக் கவர் தைக்கிற இடமாகத்தான் தெரியும். ரேவதி என்ற பெண் வந்து கேட்டாள். கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபி பார்க்கிறவள். முப்பது வயது இருக்கும். மதுரையிலிருந்து சைக்கிளிலேயே குஜராத் கடற்கரை வரை போகப்போகிறேன், என் உயரத்துக்கும் என் சைக்கிளுக்கும் அளவெடுத்து ஒரு கூடாரம் வேண்டும் என்றாள்.

நம் முதலாளி நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டார். அவரும் அந்தப் பெண்ணும் சௌராஷ்டிரா வீட்டுக்காரர்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் அங்கிருந்து இங்கே வந்தவர்கள். வீட்டில் இன்றும் அந்த மொழிதான். "நம்மாளுக வந்த பாதைல திரும்பப் போறியாம்மா? அதுவும் சைக்கிள்லயா?" என்று கேட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"வந்தவங்க நடந்து வந்தாங்க, மாமா. எனக்கு டயர் இருக்கு" என்றாள் அவள்.

சிக்கல் அவள் அப்பா. விளக்குத்தூண் பக்கம் காலமெல்லாம் பட்டுச் சேலை வியாபாரம் பார்த்துவிட்டு ஓய்ந்தவர். மகள் தனியாக இம்புட்டுத் தூரம் போவதில் அவருக்கு ஒப்புதலே இல்லை. மாதக்கணக்கில் வீட்டில் பேசிப் பேசி, கடைசியில் விஜயதசமி காலை நல்ல நேரத்தில் கிளம்பலாம் என்று ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருந்தார். முதல் நாள் சாயங்காலத்துக்குள் சாமான் எல்லாவற்றையும் அவர் பார்ப்பார். ஒன்றில் ஒரு கோளாறு இருந்தாலும் பயணம் கிடையாது. சைக்கிளைப் பார்த்துவிட்டார், விளக்கைப் பார்த்துவிட்டார், மருந்துப் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்துவிட்டார். மிச்சம் இருந்தது கூடாரம் மட்டும்தான். விஜயதசமிக்கு முதல் நாள் என்றால் ஆயுத பூஜை. அன்று மாலை அவரே பட்டறைக்கு வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

கூடாரம் பூஜைக்கு முதல் நாளே முடிந்துவிட்டது. நானே எடை போட்டேன், எண்ணூற்று நாற்பது கிராம். தையலை எல்லாம் விரலால் தடவிப் பார்த்தேன். கட்டி வைத்துவிடலாம் என்றேன்.

முதலாளிக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, நம்ம முன்னோர் ஊருக்குப் போற சாமான். பூஜைல இருக்கட்டும்ண்ணே."

ஆக, பூஜையன்று காலையில் பட்டறை நடுவில், ரேவதி அளவுக்காக விட்டுப்போயிருந்த பழைய சைக்கிளை நிறுத்தி, கூடாரத்தை விரித்துக் கட்டினோம். எதிரே மெஷின்கள், கத்தரிகள், ஊசிப் பெட்டி, தராசு, துளை போடும் பஞ்ச், சிலிகான் பிதுக்கும் துப்பாக்கி, பிரஷ், சாக்பீஸ் டப்பா. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பொரி, கடலை, அவல். வழக்கம் உங்களுக்குத் தெரியும். அன்று பொட்டு வைத்த சாமானை மறுநாள் காலையில் பூஜை செய்து எடுக்கும்வரை யாரும் தொடமாட்டோம். வருடம் முழுக்க உழைத்த கருவிக்கு அது ஒரு நாள் ஓய்வு. கூடாரம் அன்று மாலையே கைமாற வேண்டியது என்பதால் அதற்கு மட்டும் பொட்டு வைக்கவில்லை.

முதலாளி சாம்பிராணி போட்டார். கரி சரியாகப் பிடிக்கவில்லை. தேங்காய் நாரைப் பிய்த்து வைத்து ஊதினார். பிடித்துக்கொண்டது. தூபக்காலைக் கையில் எடுத்து மெஷின்களுக்கு ஒரு தடவை காட்டினார், கத்தரிகளுக்கு ஒரு தடவை காட்டினார். கூடாரத்துக்கு மட்டும் மூன்று சுற்று. பட்டறை முழுக்கப் புகை.

"புகை கண்ணுல அப்புது. யாராச்சும் அந்த ஃபேனைப் போடுங்கப்பா" என்றார், சுற்றிக்கொண்டே.

யாரோ போட்டார்கள். நின்றபடி சுழலும் பெரிய ஃபேன் அது. எங்கள் எல்லோருக்கும் கண் எரிந்துகொண்டிருந்தது. ஒருவரும் ஒன்றையும் பார்க்கவில்லை. ரஹீம் பாய் மட்டும் "முதலாளி, நாரு பறக்குது" என்றார். மணி ஆட்டும் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

பொரி தின்று முடித்தபிறகு கூடாரத்தைச் சுருட்டப் போனேன். சுருட்டும் முன் உள்ளே தலையை விட்டுப் பார்ப்பது என் பழக்கம். வாசல் வழியாக வெயில் நேராகக் கூடாரத்தின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே தலையை விட்டவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு மேலே துணியெங்கும் ஊசி முனை அளவுக்கு வெளிச்சப் புள்ளிகள். நாரிலிருந்து பறந்த பொறிகள். நம் துணி மெல்லிய நைலான். சட்டெனத் தீப்பிடிக்காது, ஆனால் பொறி பட்ட இடம் உருகிவிடும்.

என்னைத் தேடி வந்த செல்வி குனிந்து பார்த்தாள். "ஆத்தாடி! அம்மை போட்ட புள்ள மாதிரியில்ல இருக்கு!"

எண்ணினேன். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்று. மூன்றாம் தடவையும் நாற்பத்தொன்று. இரண்டு தடவை ஒரே எண் வந்தபிறகுதான் வெளியே வந்து முதலாளியிடம் சொன்னேன்.

அவர் கையில் இருந்த சுண்டலை அப்படியே கீழே வைத்துவிட்டார். "நான் போட்ட சாம்பிராணியாண்ணே?"

"சாம்பிராணி இல்ல, நாரு. கூட ஃபேனு."

"ரெண்டையும் சொன்னது நாந்தானே."

பிள்ளைகளே, நெருக்கடி வரும்போது முதலில் ஒரு கூட்டம் 'யாரால்' என்று பேசும். அதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். முதலாளியே தன்னால் என்று ஒப்புக்கொண்டதால் எங்களுக்கு அது அரை நிமிடத்தில் முடிந்தது.

வேறு கூடாரம் கொடுக்க முடியாது. மற்றவை எல்லாம் வெட்டிய துண்டுகளாகக் கிடந்தன. புதிதாக ஒரு பக்கத்தை மாற்றித் தைக்க மெஷின் வேண்டும். மெஷின் பொட்டோடு உட்கார்ந்திருக்கிறது. காலையில் எடுத்துத் தைக்கலாம் என்றால் அவள் விடியலில் கிளம்புகிறாள். கிளம்புகிற நாளைத் தள்ளிப்போட்டால் அவள் அப்பாவுக்கு அதுவே போதும்.

"ரஹீம் பாய்," என்றாள் செல்வி மெதுவாக, "நீங்க எடுக்கலாம்ல? உங்களுக்கு இதெல்லாம் இல்லையே."

பாய் கத்தரிகளைப் பார்த்தார். அவருடைய பெரிய கத்தரிக்கு இரண்டு பிடியிலும் பொட்டு, நடுவில் ஒரு செவ்வந்திப் பூ. "எனக்கு இல்லம்மா. என் கத்தரிக்கு இருக்கே. அதப் பாரு, என்னயவிட ஒழுக்கமா உக்காந்திருக்கு. வருசத்துல ஒரு நா லீவு. அதையும் நானே கெடுக்கவா?"

முதலாளி தானே மெஷினை எடுப்பதாகச் சொன்னார். அவர் எடுத்திருப்பார், சந்தேகமில்லை. எடுத்திருந்தால் அந்த வருடம் முழுக்க ஒவ்வொரு தடவை நூல் அறுந்தபோதும் அதையே நினைத்திருப்பார். நான் வேண்டாம் என்றேன். ஊசி முனை ஓட்டைக்குத் தையல் எதற்கு? ஊசி குத்தினால் அங்கே இன்னும் நான்கு ஓட்டை. சிலிகானைக் கரைத்துத் தடவினால் போதும், தையல் ஓரங்களுக்குத் தினமும் செய்வதுதானே என்றேன்.

"பிரஷுக்கும் பொட்டு வச்சாச்சு சார்" என்றாள் செல்வி.

"விரலுக்கு வச்சிருக்கா?"

செல்வி தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாய் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். காலையிலிருந்து முதல் தடவையாக முதலாளியின் முகத்தில் ரத்தம் திரும்பியது.

துப்பாக்கி இல்லாமலே பிதுக்கக்கூடிய சின்ன சிலிகான் ட்யூப்கள் அலமாரியில் பூஜைக்கு வராமல் கிடந்தன. சிலிகானைக் கரைக்கிற டர்பன்டைன் பாட்டிலும் அப்படியே. பூஜைத் தேங்காயின் ஓட்டில் ஊற்றி, ஈர்க்குச்சியால் கலக்கினார் பாய். நான் உள்ளே படுத்துக்கொண்டு ஓட்டை இருக்கும் இடத்தை விரலால் உள்ளிருந்து தட்டுவேன். செல்வி வெளியே அடையாளம் வைப்பாள். சாக்பீஸ் தொடக்கூடாதே, அதனால் பூஜைத் தட்டில் இருந்த சந்தனத்தையே தொட்டு, ஓட்டைக்கு ஒரு விரல் தள்ளி ஒரு பொட்டு வைத்தாள். ஓட்டை மேலேயே வைத்தால் சிலிகான் ஒட்டாது. பாய் பின்னாலேயே வந்து சுட்டு விரலால் ஒவ்வொன்றையும் அடைத்தார்.

"சார், கல்யாணப் பொண்ணுக்குக்கூட நான் இம்புட்டு சந்தனம் வச்சதில்ல."

"பேசாத, எண்ணிக்கை விட்டுப்போகும்."

"பதினேழு சார், பதினேழு. உங்கள மாதிரிதான் நானும் எண்ணிக்கிட்டிருக்கேன். தொத்து வியாதி."

நாற்பத்தொன்று முடிந்தது. வெயிலில் காயவைத்தோம். சிலிகான் தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்தபிறகு சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தோம். உள்ளே படுத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை. எடை கூடியிருக்குமே என்று எனக்கு அடித்துக்கொண்டது. தராசு பூவைச் சூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு சாமானை எடை தெரியாமல் வெளியே அனுப்பியது என் வேலைக்காலத்தில் அந்த ஒரு தடவைதான்.

இனிமேல்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. இதுவரை நடந்தது கைவேலை. அது எல்லோருக்கும் வரும்.

மாலை நெருங்கியபோது முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, இத அவர்ட்ட சொல்ல வேணாம்ண்ணே."

ஏன் என்றேன்.

"சாமான் நல்லாருக்கா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

"நல்லாருக்கு."

"அப்பறம் என்ன? நாப்பத்தொரு ஓட்டைன்னு சொன்னா அந்த மனுசன் நின்னு கேக்கமாட்டாரு. வண்டியத் திருப்பிருவாரு. காசுக்காகச் சொல்லலண்ணே, வேணும்னா சும்மாவே குடுத்துருவேன். அந்தப் புள்ள போகணும்ண்ணே. நாம உண்மை பேசுறதுக்கு அவ பயணத்தக் குடுக்கணுமா?"

சரியான கேள்வி. அவர் சொன்னதில் பொய் இல்லை, பேராசை இல்லை. பாயும் அவர் பக்கம் லேசாகச் சாய்ந்தார். செல்வி மட்டும், "காட்டுக்குள்ள மழைல படுக்கப் போறது அவுக. தலைக்கு மேல என்ன இருக்குன்னு அவுகளுக்குத் தெரிய வேணாமா?" என்றாள்.

நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்தேன். சொன்னால், பயணம் நின்றுபோகலாம். சொல்லாவிட்டால், பயணம் நடக்கும், ஆனால் அந்தப் பெண் தன் வீட்டின் கூரையைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததைக்கூடத் தெரியாமல் போவாள். போவதா வேண்டாமா என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள வழக்கு. சாட்சியை ஒளித்து வைத்து ஒரு பக்கத்தை ஜெயிக்கவைப்பது நம் வேலை இல்லை. எனக்கு அப்படித்தான் பட்டது. முதலாளியிடம் அதையே சொன்னேன். அவர், "சரிண்ணே, நானே பக்குவமாச் சொல்றேன்" என்றார்.

அப்பாவும் மகளும் வந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வழுக்கைத் தலை, தோளில் மடித்த துண்டு. பெரியவர் செருப்பைக் கழற்றும்போதே கூடாரத்தின் மேல் கண் போய்விட்டது. முதலாளியும் அவரும் தங்கள் மொழியில் பேசத் தொடங்கினார்கள். பேச்சு நீண்டது, இருவரும் சிரித்தார்கள். எனக்கு அந்த மொழியில் எண்கள் மட்டும் தெரியும். முதலாளியோடு துணி எண்ணி எண்ணிப் பழகியது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நாற்பத்தொன்று வரவே இல்லை. ஒரு எண்கூட வரவில்லை. ஆக, இன்னும் சொல்லவில்லை.

பெரியவர் துணியின் ஓரத்தைப் பிடித்து, சேலை பார்ப்பதுபோல வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினார்.

"ஐயா," என்றேன், "பாக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். காலையில பூஜைல பொறி பறந்து இதுல நாப்பத்தொரு ஓட்டை விழுந்துருச்சு. நாப்பத்தொண்ணையும் அடைச்சிட்டோம். இப்ப தண்ணி எறங்காதுன்னு நம்புறோம். ஆனா நீங்க தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். ரேவதி என்னை முறைத்தாள்.

"நாப்பத்தொண்ணா?" என்றார் பெரியவர். துணியைக் கீழே விட்டார். மகளிடம் திரும்பினார். "கேட்டியாம்மா? நான் என்ன சொன்னேன்? போதும். வீட்டுக்குப் போவோம்."

ரேவதி அழவில்லை. அவளுக்கும் அவர் பிடிவாதம்தான். "ஒரு கோளாறு இருந்தா போகக்கூடாதுன்னுதானே சொன்னீங்க? இருக்கான்னு பாத்தீங்களாப்பா? சொன்னதக் கேட்டீங்க, அம்புட்டுதான். நீங்களே உள்ள உக்காருங்க. தண்ணி ஊத்துவோம். நீங்க நனைஞ்சா நான் போகல."

"நானா? இதுக்குள்ளயா?"

"சேலையக்கூட உடுத்திப் பாக்காம விக்கமாட்டேன்னு சொல்வீங்களே."

"நான் எங்கடீ உடுத்துனேன்?" என்றார் அவர். செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பட்டறைக்குப் பக்கத்துக் காலி மனையில் கூடாரத்தைக் கட்டினோம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூட்டு முனகத் தவழ்ந்து உள்ளே போனார். பாய் டிரம்மிலிருந்து குடம் குடமாக மொண்டு கொடுக்க, முதலாளி ஸ்டூல் மேல் ஏறி நின்று ஊற்றினார். தெருவே கூடிவிட்டது. பூஜைக்கு வண்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள்.

"என்னண்ணே, ஐயாவுக்கு அபிசேகமா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆமா, பிரசாதம் அப்பறம். தள்ளி நில்லு மாப்ள" என்றார் பாய்.

நான் குடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு, எட்டு, ஒன்பது. உள்ளிருந்து "ம்ம், ஊத்துங்க" என்று மட்டும் குரல் வந்தது. பதினான்காவது குடத்தில், "நிறுத்து!" என்றார்.

ரேவதி சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள்.

"உச்சந்தலைல ஒரு சொட்டு" என்றது குரல்.

தவழ்ந்து உள்ளே போனேன். அவர் வழுக்கையில் ஒரே ஒரு நீர்த்துளி. அதற்கு நேர் மேலே ஒரு ஊசி முனை வெளிச்சம். எப்படி விட்டேன் என்று அந்தக் கணத்தில் புரிந்தது. விரல் தூரத்தில் இருந்த இரண்டு ஓட்டையை ஒன்றாகவே எண்ணியிருக்கிறேன்; ஒன்றுக்கு அடையாளமாகச் செல்வி வைத்த சந்தனம் மற்றதன் மேல் விழுந்து அதை அடைத்துக்கொண்டிருக்கிறது. துடைத்தபோதும் போகாமல் இருந்தது, பதினான்கு குடம் தண்ணீரில் கரைந்து போயிருக்கிறது. மறைக்க எனக்கு வழியும் இல்லை, மனதும் இல்லை. அதையும் அப்படியே சொன்னேன்.

பெரியவர் அண்ணாந்து அந்தப் புள்ளியைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப இது நாப்பத்திரண்டு."

"ஆமாங்கய்யா."

"நீங்க எத்தன தடவை எண்ணுனீங்க?"

"மூணு."

"மூணு தடவை எண்ணி உங்களுக்கு ஆப்படல. நான் உக்காந்த உடனே பிடிச்சேன் பாத்தீங்களா?" அவர் குரல் உயர்ந்துகொண்டே போனது. "துணில கோளாறு பாத்தே காலம் தள்ளுனவன் சார் நான். என் கண்ணுக்குத் தப்பாது. இப்பத் தலைக்கும் தப்பாது!"

வெளியே தலையை நீட்டி, "எங்கப்பா அந்த மருந்து? கொண்டாங்க இங்க" என்றார். துண்டால் அந்த இடத்தை உள்ளேயும் வெளியேயும் துடைத்தார். பாய் கொடுத்த சிலிகானை விரலில் அள்ளி, இட்லிக்கு மேல் சட்னி வைப்பதுபோலத் தாராளமாக அப்பினார். கொஞ்சம் மெலிதாக என்று நான் சொல்ல வாயெடுத்தேன். "நாப்பத்தொண்ணு உங்க கணக்கு. இது என் கணக்கு" என்றார்.

அது பிடித்தபிறகு இன்னும் பத்துக் குடம் ஊற்றச் சொன்னார். ஒரு சொட்டு இல்லை. வெளியே வந்து மகளிடம், "காலையில எத்தன மணிக்குக் கெளம்பணும்னு சொன்ன?" என்றார், ஏதோ முதல் தடவையாகக் கேட்பதுபோல.

இதைத்தான் சொல்ல நினைத்தேன், பிள்ளைகளே. குறையை நாமே சொன்னால் வாங்க வந்தவர் நம்மோடு சேர்ந்து தேடுவார். நாம் மறைத்தால் நமக்கு எதிராகத் தேடுவார். சொன்னால் எப்போதும் நல்லது நடக்கும் என்று நான் சொல்லவில்லை. அன்று அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால், நான் சொன்னது அப்போதும் சரிதான். ஆனால் எனக்கு வெகு நாள் தூக்கம் போயிருக்கும். இரண்டையும் தெரிந்துகொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும்.

ரேவதி வண்டியூர் தெப்பக்குளத்திலிருந்து கிளம்பினாள். அவள் பையில் எட்டு முளை, ஒரு சிலிகான் ட்யூப், கூடவே முதலாளி வைத்த ஒரு பொட்டலம் பொரி. எடையைக் கூட்டுகிறதே என்று பொரியை நான் எடுக்கப் பார்த்தேன், விடவில்லை.

அவள் கர்நாடகத்தில் ஹூப்ளி பக்கம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு காலையில் பெரியவர் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு சின்னப் பை.

"போன் பண்ணா சார். நல்ல மழையாம். நாப்பத்தொண்ணும் கல்லு மாதிரி இருக்காம். என்னுது மட்டும் ஒழுகுதாம்."

தடித்து வைத்ததால் மேலே காய்ந்து உள்ளே காயாமல் இருந்திருக்கும். மடித்து மடித்து விரித்ததில் பெயர்ந்து வந்துவிட்டது. அதை விளக்கினேன். அவளிடம் ட்யூப் இருக்கிறது, பழைய சிலிகானை உரித்துவிட்டு மெலிதாக ஒரு தடவல் தடவச் சொல்லுங்கள், போதும் என்றேன்.

"அவ வைப்பா. அவளுக்குத் தெரியாதா?" என்றார். "ஆனா அது நான் வச்சது. கோளாறு என்னுது. வேற ஆளு வந்து சரி பண்ணிட்டுப் போறதா?"

"ஐயா, ஹூப்ளி வரைக்குமா?"

"ரயில் இருக்கே. நாளைக்குச் சாயங்காலம் வாரேன்னு அவகிட்டச் சொல்லிட்டேன். எத்தனைக்கு எத்தனை டர்பன்டைன், அத மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். கிழிந்த துண்டுத் துணியில் மூன்று தடவை தடவிக் காட்டினேன். அவர் ஏழு தடவை தடவிப் பார்த்தார். முதலாளி வாசல் வரை போய் அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து, "அண்ணே, மகளப் போகாதன்னு நின்ன மனுசனா இது?" என்றார்.

நான்கைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். சட்டைப் பையில் ட்யூப் கசிந்து, பையே திறக்க முடியாமல் ஒட்டிக்கிடந்தது. மூக்கை அடைத்த ஜலதோஷம். தொண்டை கட்டியிருந்தது. நான் பதறி, "என்னங்கய்யா, மறுபடியும் ஒழுகிருச்சா?" என்றேன்.

"ஒழுகுறதாவது! ஒரு பள்ளிக்கூட மைதானத்துல போட்டிருந்தா. நான் மெலிசா வச்சேன், நல்லாக் காயவும் விட்டேன். அப்பறம் புடிச்சது பாருங்க மழை. அதுல ஒரு ஆளுக்குத்தான் எடம். அவ உள்ள இருந்தா. நான் வெளிய கொடையப் புடிச்சுக்கிட்டு நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், 'ஒழுகுதா, ஒழுகுதா'ன்னு. பள்ளிக்கூட வராண்டாவுக்குப் போங்கப்பான்னு கத்துறா. நான் போவேனா? காத்துல கொடை திரும்பிருச்சு."

தும்மினார். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சேலைக் கடையில் நல்ல சரக்கை விரித்துக் காட்டுகிறவரைப்போல எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நனைஞ்சது நான் மட்டும்தான் சார்."